ஒரு நம்பரில் குடியிருந்த ஏழு பேர்

போன கிழமை, என் மேசைக்கடியில் பல வருடமாகக் காலில் இடறிக்கொண்டே கிடந்த ஒரு பழைய கணினிப் பெட்டியை வெளியே இழுத்து, அதன் பக்கத்துத் தகர மூடியைக் கழற்றினேன். பழைய இரும்பு எடுப்பவரிடம் கொடுத்துவிடுவதாக முடிவு. கொடுக்குமுன் உள்ளே இருப்பதை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று எண்ணம். நாலாவது ஆணி கழன்று மூடி கையோடு வந்ததும் கராம்பு வாசம் குப்பென்று அடித்தது. அதன் பின்னாலேயே மிளகுக் காரம். மூன்று தும்மல் தும்மினேன். நாலாவதற்காக மூக்கைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தேன், வரவில்லை.

நம்பமாட்டீர்கள். கீழே இப்போது ஃபோன் கவர் விற்கிற கடை. பிளாஸ்டிக் வாசம் தவிர வேறு கிடையாது. நான் இந்த மேல்மாடி அறைக்கு வேலைக்கு வந்த காலத்தில் அது மிளகும் கராம்பும் வாங்கும் ஸ்டோர். சாக்குகள் படிக்கட்டு வரை ஏறி உட்கார்ந்திருக்கும். முற்றத்தில் நாலைந்து பெண்கள் சுளகில் மிளகு புடைப்பார்கள். அந்தத் தூசி ஜன்னல் வழியாக மேலே வர, இந்தப் பெட்டியின் காற்றாடி அதை இழுத்து இழுத்து உள்ளே சேமித்து வைத்திருக்கிறது. ஸ்டோர் மூடி எத்தனையோ காலம். மாத்தளை டவுனில் அதன் வாசம் மிச்சமிருக்கும் ஒரே இடம் ஒரு கணினியின் வயிறு.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது வாய் தவறி ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் அதை சீ.ஆர். என்கிற தடித்த அட்டைக் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்வேன். அந்தப் பெண்களில் ஒருவர் பக்கத்தில் இருந்தவளுக்குச் சொன்னதும் அதில் இருக்கிறது: "ரொம்பப் புடைக்காதடி. பதரோட மிளகும் பறந்துரும்." எழுதினேனே தவிர, அது எனக்குத்தான் சொன்னது என்று அப்போது தெரியவில்லை. நம்மில் பாதிப் பேர் புத்திமதியை இப்படித்தான் எழுதி வைத்துக்கொண்டு போய் விழுகிறோம்.

பெட்டியின் முன்பக்கத்தில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டியிருந்தது. பேனை மை வெளிறியிருந்தாலும் வாசிக்க முடிந்தது: "முதல்தரம் அமத்தினா முழிக்காது. ரெண்டாந்தரம் அமத்துங்க. ஏசாதீங்க." பரீனாவின் கையெழுத்து.

பரீனாவைப் பற்றிச் சொல்லுமுன் இந்தப் பெட்டி என்ன வேலை செய்தது என்று சொல்லிவிடுகிறேன். மாத்தளையில் சிறுநீரக நோயாளர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்க ஒரு சங்கம் உண்டு. கடதாசியில் நீளமான பெயர். ஊரில் 'வேன் சங்கம்'. நாவுல, நாலந்தா, பல்லேகமப் பக்கங்களில் இருந்து இரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர்களை விடியற்காலையில் ஏற்றிவந்து, பின்னேரம் வீட்டில் இறக்க வேண்டும். கிழமைக்கு இரண்டு நாள், திங்களும் வியாழனும். யார் எங்கே நின்று ஏறுவார், யாருக்கு முன் சீட்டு, ஆஸ்பத்திரிக் கார்டு இலக்கம் என்ன, எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொண்டு முதல் நாள் பின்னேரம் ஓட்டுநரின் ஃபோனுக்குப் பட்டியல் அனுப்புகிற வலைச் செயலி இந்தப் பெட்டிக்குள் இருந்தது. திங்கள் தவறினால் வியாழன் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் கால் வீங்கும், மூச்சு வாங்கும். கல்யாணக் கார்டில் ஒரு பெயர் விடுபட்டால் மன்னிப்புக் கேட்கலாம். இந்தப் பட்டியலில் விடுபட்டால் கேட்பதற்கு ஆள் இருப்பாரா என்பதே சந்தேகம்.

அதை எழுதியவள் பரீனா. வரக்காமுறை ஊர்ப் பிள்ளை, என்னைவிடப் பத்து வயது இளையவள். சங்கத்தில் ஃபோன் எடுக்கும் வேலைக்குத்தான் சேர்ந்தாள். பெயர்களை அடித்து அடித்து எழுதியதில் பதிவுக் கொப்பி ஓட்டையாகிப் போக, அட்டை கிழிந்த ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தையும் சிங்கள வீடியோக்களையும் வைத்துக்கொண்டு தானே கற்று, தானே எழுதினாள். 'எங்க படிச்சீங்க?' என்று யாராவது கேட்டால், "கோல் வராத நேரத்துல" என்பாள். கலியாணம் முடித்து அவள் அக்குறணைக்குப் போன பிறகு அவளுடைய கதிரைக்கு நான் வந்தேன்.

நான் வந்த வழியும் ராஜபாட்டை அல்ல. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் போட்டோ கொப்பிக் கடையில் நின்றவன், முப்பது தாண்டியபின் வலைப்பக்கம் செய்யக் கற்றேன். எனக்கு வாத்தியார் யாரும் இல்லை, ஆகவே என் பிழையைச் சொல்லவும் யாரும் இல்லை. புதிதாகக் கற்றவனின் பெருமை புதுச் சப்பாத்து மாதிரி. வைக்கிற ஒவ்வொரு அடியும் சத்தம் போடும், போட்டிருப்பவனுக்கு அது சங்கீதமாகக் கேட்கும்.

பழைய செயலிக்கு வயதாகிவிட்டது என்பது உண்மைதான். எழுதிய மொழியின் பதிப்பைக் கைவிட்டிருந்தார்கள். புது ஃபோன்களில் பக்கம் பாதி திறந்து நின்றது. சங்கத்தில் 'புதுசா மாத்துங்க' என்றார்கள். நான் கைகளைத் தேய்த்துக்கொண்டு 'கோட்' என்கிற அதன் நிரலைத் திறந்தேன். ஒரே கோப்பில் நாலாயிரத்துச் சொச்சம் வரிகள். நாவுல பஸ்ஸில் பொலை என்கிற வாரச் சந்தை நாளில் ஆள் நிற்பது போல, ஒரு நிபந்தனையின் கக்கத்துக்குள் இன்னொரு நிபந்தனை. பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தில் தமிழ்: கடை, சந்தி, வாறவர். அத்தோடு இரண்டு வரிக்கு ஒரு குறிப்பு. நிரல் எழுதுகிறவர்கள், அடுத்து வரும் மனிதருக்காக ஓரத்தில் எழுதி வைப்பது வழக்கம். கணினி அவற்றைப் படிக்காமல் தாண்டிவிடும். பரீனாவின் கோப்பில் குறிப்புகள் நிரலைவிடச் சத்தமாக இருந்தன. 'இவ்வளவு பேச்சா?' என்று ஒரே கட்டளையில் அத்தனையையும் என் பிரதியில் இருந்து அகற்றினேன். வரிகள் பாதியாகிவிட்டன. சுத்தம் செய்த திருப்தியில் ஒரு பிளேன்டீ குடித்தேன்.

நினைத்துப் பாருங்கள். ஊராரின் பேச்சைக் கொப்பியில் சேர்க்கிறவன் நான்!

மிஞ்சியதைப் படித்துப் புதிதாக எழுதினேன். அழகாகத்தான் எழுதினேன், அதில் எனக்கு இன்றும் வெட்கமில்லை. கோப்புகள் சின்னச் சின்னதாக, வேலைக்கு ஒரு இடம், இடத்துக்கு ஒரு பெயர். புது அமைப்பில் ஒவ்வொரு மனிதருக்கும் ஓர் அடையாளம் வேண்டும் அல்லவா? எல்லோருக்கும் தவறாமல் பதிந்திருந்தது ஃபோன் நம்பர் மட்டும்தான். ஒரு நம்பர், ஒரு ஆள் என்று வைத்தேன். பழைய தரவை மாற்றும்போது அதே நம்பர் மறுபடி வந்தால், முந்தியதன் மேல் பிந்தியதை எழுதச் சொன்னேன். பதிவில் விழுந்த பிழையாக இருக்கும் என்று எனக்கு நானே விளக்கம். 'எத்தனை' என்று மட்டும் தலைப்பிட்டு, சிலருக்கு ஒன்று, சிலருக்கு மூன்று, ஐந்து என்று இலக்கம் போட்ட ஒரு கட்டமும் இருந்தது. எத்தனை என்றால் என்ன எத்தனை? விளங்கவில்லை. விளங்காததைத் தூக்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புதியதை வேறொரு புதுப் பெட்டியில் ஏற்றிவிட்டு, பழைய பெட்டியின் வயரைப் பிடுங்கினேன். அன்று பின்னேரம் செல்லையா அண்ணன் கோல் எடுத்தார். அவர் வேன் ஓட்டுநர். முன்பு தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டியவர்.

"தம்பி, லிஸ்ட் வந்துச்சு. பல்லேகமல ஒருத்தர்தானா?"

"ஒருத்தர்னு போட்டா ஒருத்தர்தான் அண்ணன்."

"அப்புஹாமி மட்டுமா? மத்தவங்க என்ன ஆனாங்க?"

"வேற நாளுக்கு மாத்திருப்பாங்க. இது புது சிஸ்டம் அண்ணன், பொய் சொல்லாது."

"பொய் சொல்லாது, சரி. மறக்குமா?"

நான் சிரித்தேன். அதையும் ரசித்துக் கொப்பியில் எழுதினேன். இப்போது விளங்குகிறதா நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று?

சங்கத்தில் ஒரு விதி இருந்தது. ஓர் ஊரில் ஒரே ஆள் என்றால் வேன் அவ்வளவு தூரம் ஏறாது. அவர் முதல் பஸ்ஸில் நாவுலைக்கு வந்து அங்கே ஏறிக்கொள்ள வேண்டும். அப்படியே அப்புஹாமிக்குத் தகவல் போனது.

திங்கட்கிழமை, ஆறு மணிக்குப் பத்து நிமிடம். என் புது அமைப்பு முதல் நாள் வேலை செய்கிற அழகைப் பார்க்க நேரத்தோடு வந்து உட்கார்ந்திருந்தேன். நாவுலையில் இருந்து செல்லையா அண்ணனின் கோல்.

"தம்பி, அப்புஹாமி பஸ்ஸால இறங்கிட்டாரு. இறங்கினதும் என்ன கேட்டாருன்னு தெரியுமா? 'நீ இன்னும் மேல போகலையா, பண்டா முதலாளி கடையடியில ஆறு பேர் நாலரை மணில இருந்து நிக்கிறாங்களே'ங்கிறாரு."

"அவங்க ஏன் ஒண்ணும் கேக்கல?"

"இவர மட்டும் பஸ்ஸுல வரச் சொன்னதும், வேன்ல இடம் நிறைஞ்சிருச்சு போலனு நெனச்சிருக்காங்க. கெட்டிக்காரத்தனமாத்தான் நெனச்சிருக்காங்க. நாமதான்..." அவர் வசனத்தை முடிக்கவில்லை. மரியாதை தெரிந்த மனிதர்.

அடுத்து அவர் செய்ததை நான் இன்றும் வியக்கிறேன். யாரிடமும் கேட்கவில்லை, யாரையும் ஏசவில்லை. நாவுலையில் ஏறிய நாலு பேரையும் மாத்தளை பஸ்ஸில் முன் சீட்டுகளில் உட்கார்த்தி, வழியில் நாலந்தாவில் நிற்பவரையும் ஏற்றச் சொல்லி நடத்துநரிடம் ஒப்படைத்து, அப்புஹாமியை அந்தக் கூட்டத்துக்குத் தலைவராக்கி அனுப்பிவிட்டு, வெறும் வேனைத் திருப்பிக்கொண்டு மேலே ஏறினார். "நான் கூட்டிட்டு வந்துர்றேன். ஆனா எப்பிடியும் முதல் ஷிப்டு போயிரும். நீங்க ஆஸ்பத்திரியில ரெண்டாவது ஷிப்டுக்குக் கேளுங்க" என்றார்.

வார்டுக்கு அடித்தேன். யாழ்ப்பாணப் பக்கத்துத் தாதி மிஸ்ஸி ஒருவர் எடுத்தார். "ரெண்டாவதிலை ஆறு இடம் சமாளிக்கலாம். ஆனா எனக்குக் கார்டு நம்பர் வேணும். ஏழுக்கு டியூட்டி மாறும், அதுக்கு முந்தித் தாங்கோ. லிஸ்டிலை ஒப்பம் விழுந்திட்டா என்னாலை ஒண்டும் செய்யேலாது, சொல்லிப்போட்டன்."

புது அமைப்பில் தேடினேன். ஆறு பேரும் இல்லை. மறைந்திருந்தால் தேடலாம்; ஒருவர் மேல் ஒருவராக எழுதி, கடைசியாகப் பதிந்த அப்புஹாமி மட்டும் மேலே நின்றார். பல்லேகமைக்கென்று என்னிடம் இருந்த ஒரே நம்பருக்கு, அப்புஹாமிக்கு நேரே இருந்ததற்கு, அடித்தேன். மூட்டமான காலைகளில் அந்த மலைக்குள் ஃபோன் எடுபடாது. எடுபடவில்லை. பரீனாவுக்கு அடித்தேன். பின்னால் பிள்ளை அழுதது.

"அல்லாஹ்வே! அந்த நம்பர்ல ஏழு பேரு அண்ணன். நான்தான் எழுதி வச்சிருந்தேனே?"

"குறிப்ப... தூக்கிட்டேன்."

"எந்தக் குறிப்ப?"

"எல்லாத்தையும்."

பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "கோட்ட வச்சிக்கிட்டு பேச்ச தூக்கிட்டீங்களா? கோட்டுக்கு எனக்கு மூணு மாசம்தான் போச்சு. பேச்சுக்கு மூணு வருசம்."

அவ்வளவுதான் அவள் ஏசியது. அடுத்த மூச்சிலேயே, "பழைய பெட்டிய குடுத்துட்டீங்களா? இல்லியே? வயர சொருகுங்க" என்றாள். சொருகினேன். அமத்தினேன். முழிக்கவில்லை. கடதாசி சொன்னபடி இரண்டாம் தரம் அமத்தினேன். முழித்தது. ஆனால் முறையாக நிறுத்தாமல் வயரைப் பிடுங்கிய கோபமோ என்னவோ, உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தானே ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கியது. திரையில் நூற்றுக்கு நாலு, நூற்றுக்கு ஐந்து என்று நகர்ந்தது. ஆறு இருபது. ஆறு முப்பது. நான் நின்றுகொண்டிருந்தேன், உட்காரத் தோன்றவில்லை.

பரீனா ஃபோனை வைக்கவில்லை. பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே அந்த ஆறு பேரையும் எனக்கு ஒப்புவித்தாள். ஊரைவிட்டுப் போய் இரண்டு வருடமாகிறது, ஒரு பெயர் மறக்கவில்லை. "மெனிக்கே அம்மா, முன் சீட்டுல இருத்தணும். பின்னுக்கு இருந்தா வாந்தி, ஆனா வாய் திறந்து கேக்க மாட்டாங்க. ரண்பண்டாவுக்கு வலது காது கேக்காது, இடது பக்கம் நின்னு பேசச் சொல்லுங்க..." நான் அகற்றிய குறிப்புகள் ஒவ்வொன்றாக ஃபோனுக்குள் இருந்து திரும்பி வந்தன.

ஏழுக்குப் பதினொரு நிமிடம் இருக்கும்போது பழைய பக்கம் திறந்தது. ஒரு காதில் பரீனா, மறு காதில் மிஸ்ஸி. இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். "திரும்பச் சொல்லுங்கோ, அவசரத்திலை ஆளை மாத்திப்போடக் கூடாது" என்று மிஸ்ஸி ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சொல்லவைத்தார். மெனிக்கே அம்மாவின் இலக்கம்தான் கடைசி. அதைச் சொல்லி முடிக்க ஏழுக்கு இரண்டு நிமிடம்.

பதினொரு மணிபோல் ஆறு பேரும் வந்து சேர்ந்தார்கள். நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். செல்லையா அண்ணன் கதவைத் திறந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்தா நிக்கிறாரு. ஒரே க்ளிக்ல ஆறு பேரையும் கொன்னவரு. நான்தான் போயி உயிர் குடுத்துக் கூட்டிட்டு வந்தேன்" என்றார். முன் சீட்டில் இருந்து மெனிக்கே அம்மா இறங்கினார். ஒல்லியான மனுஷி, வெள்ளைச் சட்டை, பொக்கை வாய். கையை நீட்டி என் கையைக் கிள்ளினார். "நோவுதா புத்தா?" என்று மகனைக் கேட்பது போல் கேட்டார். நோகுது என்றேன். "அப்ப நான் ஆவி இல்லதானே?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார். தவணை தவறாமல் அன்றைக்கே ஆறு பேருக்கும் சுத்திகரிப்பு முடிந்தது. நான் திரும்பி வந்து, பழைய பெட்டியைப் பழையபடி வேலைக்கு வைத்தேன்.

வியாழக்கிழமை வேனோடு நானும் பல்லேகமைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க என்று சொல்லிக்கொண்டேன். ஏழு பேர் எப்படி ஒரு நம்பரில் இருக்க முடியும் என்று பார்க்கிற ஆசையும் இருந்தது. அப்போது அங்கே நீர்த்தேக்கம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய கடைத்தெரு தண்ணீருக்குள் போகும், மேட்டில் புது டவுன் வரும் என்று சனங்கள் இரண்டு இடத்திலும் கால் வைத்திருந்த நேரம். பண்டா முதலாளி கடை இன்னும் பழைய இடத்தில் இருந்தது. என்னைக் கண்டதும், "ஆ, ஆறு பேர விழுங்கின ஆபீஸ் மாத்தயா இவர்தானா? காலைக்கு ஏதாவது சாப்பிட்டீங்களா, இல்ல வயிறு நிறைஞ்சிருக்கா?" என்றார்.

கடை மேசையில் ஒரு பெரிய ஃபோன். கடை வாசல் மரத்தில் ஒரு தகரத் துண்டு, பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பி. வீடுகளுக்குள் ஃபோன் எடுபடாத ஊரில் எல்லோரும் கொடுப்பது கடை நம்பர்தான். கோல் வந்தால் முதலாளி தகரத்தில் தட்டுவார். ஒரு தட்டு ரண்பண்டாவுக்கு, ஐந்து தட்டு மெனிக்கே அம்மாவுக்கு, ஏழு தட்டு அப்புஹாமிக்கு. "மெனிக்கேக்கு அஞ்சு தட்டினா அவட நாய் முதல்ல ஓடி வரும். நாலு தட்டினா அசையாது. அது உங்கட கம்பியூட்டர விட நல்லா எண்ணும்" என்றார் முதலாளி.

'எத்தனை'. நான் தூக்கி எறிந்த கட்டம். நம்பர் ஒன்றாக இருந்தாலும் ஆளுக்கு ஆள் தட்டு வேறு. பரீனா இரண்டையும் சேர்த்துத்தான் அடையாளமாக வைத்திருந்தாள். ஊரே கண்டுபிடித்து வைத்திருந்த ஒரு முறையை அவள் அப்படியே நிரலுக்குள் குடியேற்றியிருந்தாள். எனக்கு அந்த இடத்தில் அவள்மேல் பொறாமைகூட வரவில்லை. அத்தனை மரியாதை.

வரும் வழியில் மெனிக்கே அம்மாவின் வீட்டைக் காட்டினார்கள். மேட்டில் புது வீடு கட்டி முடிந்துவிட்டது; ஆனால் பழைய வீட்டு ஓடுகள் கழற்றாமல் அப்படியே இருந்தன. மற்றவர்கள் கழற்றிக்கொண்டு போகிறார்களே, நீங்கள் ஏன் இன்னும் என்று கேட்டேன்.

"புது வீட்டுல அடுப்பு எரியணும் புத்தா. ஒரு மழை பெஞ்சு எங்க ஒழுகுதுன்னு பாக்கணும். பெறகுதான் பழைய ஓட்டுல கை வைக்கணும்."

வேனுக்குள்ளேயே கொப்பியில் எழுதினேன். இந்தத் தடவை விளங்கிக்கொண்டு எழுதினேன்.

அதன்பின் பழைய செயலியை மாற்றியது அந்த அம்மா சொன்ன முறையில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பரீனா கணவரோடும் பிள்ளையோடும், ஃபிளாஸ்க் நிறைய இஞ்சி பிளேன்டீயோடும் அக்குறணையில் இருந்து வருவாள். பழையது ஓடிக்கொண்டே இருக்கும். அதன் பக்கத்தில் புதியதில் ஒரு துண்டை மட்டும் எழுதுவோம். முதலில் சீட்டு வரிசை. இரண்டு பெட்டியும் பின்னேரம் ஆளுக்கொரு பட்டியல் போடும், இரண்டையும் ஒப்பிடுவோம். ஒத்துப்போகாவிட்டால் செல்லையா அண்ணனிடம் கேட்போம். ஒரு மாதம் ஒத்துப்போனால்தான் அந்தத் துண்டைப் பழையதில் நிறுத்துவோம். பிறகு அடுத்த துண்டு. சில நேரம் பழையதே பிழையாக இருக்கும். அப்போது பரீனா தலையில் கை வைத்துக்கொண்டு, "நாலாயிரம் வரிய ஒரே ஃபைல்ல கொட்டினது எந்த மடச்சி?" என்று தன்னையே ஏசுவாள். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

அவளுடைய குறிப்புகளைப் பழைய பெட்டியில் இருந்து ஒவ்வொன்றாக மீட்டோம். ஓரத்தில் எழுதி வைத்தால் என்னைப் போல் இன்னொருவன் வந்து தூக்கிவிடுவான் என்று, ஒவ்வொரு குறிப்பையும் ஒரு சோதனையாக மாற்றினோம். நிரலில் யாராவது கை வைத்தால் அத்தனை சோதனையும் தானாக ஓடும். ஏதாவது உடைந்தால் சிவப்பில் கத்தும். சோதனைகளுக்குப் பெயர் வைக்க வேண்டுமே, அவற்றுக்கு ஊராரின் பேச்சையே வைத்தோம். ஒரு நாள் நான் சீட்டு வரிசையில் எதையோ திருத்த, திரையில் சிவப்பாக வந்தது: "மெனிக்கே அம்மாவ பின்னுக்கு ஏத்தாதீங்க." கையைக் கிள்ளியதுபோல் இருந்தது. இன்னொன்று: "பொலை நாளில நாவுல சந்தியில வேன் திரும்பாது, செல்லையா அண்ணன் சொன்னா கேளுங்க." என் கொப்பியில் தூங்கிக்கொண்டிருந்த பேச்செல்லாம் வேலைக்குப் போன மாதிரி இருந்தது.

முழுவதையும் மாற்ற ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. மூன்று மாதத்தில் முடிப்பேன் என்று சொன்னவன் நான். அந்த ஒரு வருடத்தில் ஒருவரும் வேனைத் தவறவிடவில்லை.

பழைய பெட்டியை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை. பல்லேகமக் கடை நம்பரில் ஓர் ஆள் மிஞ்சியிருக்கும்வரை அது மேசைக்கடியில் கிடக்கட்டும் என்று பரீனாவிடம் சொல்லியிருந்தேன். பழைய கடைத்தெருவைத் தண்ணீர் மூடியது. பண்டா முதலாளி நம்பரையும் எடுத்துக்கொண்டு புது டவுனுக்கு ஏறினார். அங்கே ஃபோன் எங்கும் எடுபடும். ரண்பண்டா மகன் வாங்கித்தந்த ஃபோனுக்கு மாறினார். அப்புஹாமி எல்லோருக்கும் காட்டிக்கொண்டு ஒன்று வாங்கினார். ஏழு, ஐந்து, மூன்று என்று குறைந்து, கடைசியில் மெனிக்கே அம்மா மட்டும் கடை நம்பரை விடாமல் இருந்தார். "எனக்கு யார் பேசப்போறா? முதலாளி கூப்பிட்டா போதும்" என்பார்.

போன கிழமை, தெரியாத நம்பரில் இருந்து ஒரு கோல். யார் என்று கேட்டேன்.

"நான் புத்தா. கடை இல்ல, நான்தான்."

பின்னால் ரேடியோ இல்லை, கடைக்கு வந்தவர்களின் பேச்சு இல்லை, பண்டா முதலாளியின் இருமல் இல்லை. அவருடைய குரல் மட்டும் தனியாக, அவ்வளவு பக்கத்தில். பேத்தி வாங்கித் தந்தாளாம். வியாழக்கிழமை வேனுக்கு இனி இந்த நம்பருக்குச் சொன்னால் போதுமாம். தகரத்தை என்ன செய்தார்கள் என்று கேட்டேன். முதலாளி வீட்டுக் கோழிக்கூட்டுக்குக் கதவாகிவிட்டதாம்.

நம்பரை மாற்றினேன். கடை நம்பருக்கு நேரே 'இதில் இருப்பவர்: ஒருவரும் இல்லை, அழிக்கவா?' என்று திரை கேட்டது. பரீனாவுக்கு எடுத்துச் சொன்னேன். "அழிங்க அண்ணன், வேற என்ன செய்ய?" என்றாள். பிறகு, "உடனேயே அழிச்சிராதீங்க" என்றாள்.

அதனால்தான் முதலில் பெட்டியை இழுத்து மூடியைக் கழற்றினேன். தும்மி முடித்தபின், கழற்றிய தகர மூடியை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, திருப்புளியால் ஐந்து தட்டுத் தட்டினேன். நல்ல சத்தம்.

"மேல என்னங்க உடைக்கிறீங்க?" என்று கீழே ஃபோன் கவர் விற்கிறவர் கத்தினார்.

"ஒண்ணுமில்ல, ஒருத்தருக்குக் கோல் வந்திருக்கு" என்றேன்.

கொஞ்ச நேரம் காத்திருந்தேன். நாய் எதுவும் ஓடி வரவில்லை. அழித்தேன்.